பூப்புத் தாமதமும் 18-ஆம் நூற்றாண்டு வைத்தியரும்

பெண்மக்களின் உடல்நிலையைப் பற்றிச் சங்கத்தின் இதழில் எழுதுதல் தகுமோ என்று ஐயுறுவார் நம்மவருள் உளர். நாணம் பெண்மைக்கு அணிகலம் என்பதை யாரும் மறுப்பதற்கில்லை. ஆயின் நோயை மறைத்தலுக்கு நாணம் என்று பெயரிடுதல் பொருந்தாது. நம் குடும்பங்களில் ஒரு பெண்குழந்தைக்கு 14, 15 ஆண்டு நிரம்பியும் பூப்பு நிகழாதிருப்பின், வீடு முழுதும் சொல்லப்படாத ஒரு கவலை சூழ்ந்துகொள்கின்றது. தாய் குலதெய்வத்திற்கு நேர்ந்துகொள்கிறாள், பாட்டி எள்ளையும் வெல்லத்தையும் இடித்து உருண்டை பிடித்துக் கொடுக்கிறாள், தந்தை வாய் திறவாதிருக்கிறார், திருமண வீடுகளில் காணும் உறவினரோ, "இன்னும் சடங்கு வைக்கவில்லையா?" என்று கேட்டுப் புண்படுத்துகின்றனர். இத்தனை பேரும் பேசுகின்ற அவ்வீட்டில், "அம்மா, உனக்கு உடம்பு எப்படியிருக்கிறது?" என்று அப்பெண்ணைக் கேட்பார் மிகச் சிலரே.

இக்கவலை நமக்கு மட்டும் உரியதன்று. இற்றைக்கு ஏறக்குறைய 300 ஆண்டுகட்கு முன் ஐரோப்பாவிலும் தாய்தந்தையர் இதே கவலையோடு வைத்தியரிடம் சென்றனர். அவ்வைத்தியர் யாருடைய சொல்லைக் கேட்டு நோயை உறுதிசெய்தனர், என்ன மருந்து கொடுத்தனர், எவ்விடத்தில் நேர்வழி கண்டனர், எவ்விடத்தில் வழிதவறினர் என்பவற்றை அறிந்துகொள்ளுதல் இன்று நமக்கும் பயன்தரும். ஆகலின் அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க எழுதுவாம்.

பெயரும் பருவமும்

பெண்ணின் இப்பருவ மாற்றத்தைக் குறிக்க நம் முன்னோர் ஆண்ட பூப்பு என்னும் சொல், பூ என்பதனடியாகப் பிறந்த இனிய சொல். தொல்காப்பியத்துக் கற்பியலிலேயே இச்சொல் ஆளப்பட்டுள்ளது. உலா நூல்கள் பெண்ணின் வாழ்நாளைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவமாகப் பகுக்கும். அவற்றுள் 12, 13 ஆண்டினளை மங்கை என்றும், 14 முதல் 19 வரை உள்ளவளை மடந்தை என்றும் பொதுவாக வழங்குவர். பூ ஒவ்வொரு செடியிலும் ஒரே நாளில் மலர்வதில்லை; அங்ஙனமே பூப்புக்கும் ஒரே ஆண்டென்று வரையறை கூறுதல் இயலாது.

வைத்தியர் இதனைச் சூதகம் என்பர். அது தடைப்பட்ட நிலையைச் சூதகக்கட்டு என்பர். இங்கு இரண்டு நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, பூப்பே நிகழாதிருத்தல். மற்றொன்று, நிகழ்ந்து சில திங்கள் வந்தபின் நின்றுபோதல். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி ஒரே மருந்து கொடுத்ததனால் விளைந்த தீங்கு சிறிதன்று.

பழைய கொள்கை

18-ஆம் நூற்றாண்டு வைத்தியரின் மனப்போக்கை அறிதற்கு அவர்கள் பெற்றிருந்த பழைய கொள்கையை முதலில் அறிதல் வேண்டும். உடலில் ஓடும் நீர்மங்கள் தம் அளவில் நின்றால் நலம், மிகினும் குறையினும் நோய் என்பது கிரேக்கர் காலம் முதல் வந்த கொள்கை. பெண்ணுடலில் மிகுதியாகத் திரளும் குருதி திங்கள்தோறும் வெளிப்படுகின்றது. அது வெளிப்படாவிடின் உள்ளே தேங்கி மேலேறித் தலையையும் நெஞ்சையும் வருத்தும் என்று அவர்கள் நம்பினர்.

1554-ஆம் ஆண்டில் யோகான்னஸ் லாங்கே என்னும் ஜெர்மானிய வைத்தியர் வெளியிட்ட கடிதத் தொகுதியில் ஒரு கடிதம் உண்டு. அன்னா என்னும் பெண்ணின் தந்தைக்கு எழுதப்பட்டது அது. முன்பு சிவந்திருந்த அவள் முகம் இப்பொழுது குருதியற்று வெளுத்துவிட்டது, படியேறினாலும் ஆடினாலும் நெஞ்சு படபடக்கின்றது, மூச்சு வாங்குகின்றது, உணவில், சிறப்பாகப் புலாலில், வெறுப்பு உண்டாகின்றது, மாலையில் கால் வீங்குகின்றது. இவையே தந்தை தெரிவித்த குறிகள். லாங்கே இதனைக் கன்னியர் நோய் எனப் பெயரிட்டு, குருதி வெளிப்பட வழியின்றித் தேங்கியமையே காரணம் என்றார். அவர் கூறிய மருந்து யாது? விரைவில் திருமணம் செய்துவிடுக என்பதே! பின்னர் 17-ஆம் நூற்றாண்டில் இந்நோய்க்குக் குளோரோசிஸ் என்னும் கிரேக்கப் பெயர் வழங்கலாயிற்று. வெளிறிய பசுமை நிறத்தைச் சுட்டும் பெயர் அது.

இக்குறிகளை இன்றைய வைத்தியர் ஒருவரிடம் படித்துக் காட்டினால், இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையை அவர் முதலில் ஐயுறுவார். லாங்கே கண்ட குறிகள் மெய். அவர் கூறிய காரணமே பொய். இவ்வேறுபாட்டை நினைவிற்கொண்டு மேலே செல்வோம்.

ஐசனாக் நகரத்து வைத்தியர்

ஜெர்மனியில் ஐசனாக் என்பது ஒரு சிறு நகரம். அங்கே 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் யோகான் ஸ்டோர்க் என்பவர் வைத்தியம் செய்து வந்தார். 1681-இல் பிறந்து 1751-இல் மறைந்தவர். தம்மிடம் வந்த பெண்களின் நோய்களை நாட்குறிப்புப்போல எழுதிவைத்து, பிற்காலத்தில் பெண்களின் நோய்கள் என்னும் பெயரால் எட்டுத் தொகுதிகளாக ஜெர்மன் மொழியிலேயே வெளியிட்டார். கற்றோர் இலத்தீனில் எழுதிய காலத்தில் தாய்மொழியில் எழுதியது குறிப்பிடத்தக்கது. 1,800-க்கு மேற்பட்ட நோயாளிகளின் வரலாறு அவற்றில் உள்ளது. கன்னிப்பெண்களின் நோய்களும் அவற்றுள் அடங்கும். அண்மைக் காலத்தில் பார்பரா தூதன் என்னும் வரலாற்றாசிரியை இத்தொகுதிகளை ஆராய்ந்து 1987-இல் ஒரு நூல் வெளியிட்ட பின்னரே உலகம் இவரை மீண்டும் அறிந்தது.

ஸ்டோர்க் நோய் கணித்த முறை நம் காலத்தவர்க்கு வியப்பளிக்கும். அவர் பெண்களின் உடலைத் தொட்டுப் பார்த்தல் மிக அரிது. பல வேளைகளில் நோயாளியை நேரில் காண்பதும் இல்லை. தாயோ, வேலைக்காரியோ, கடிதம் கொண்டுவரும் ஆளோ சொல்வதைக் கேட்பார். நெஞ்சில் பாரம், தலையில் சூடு, மூக்கில் குருதி, கால்களில் கனம் என்று பெண்கள் தாம் உணர்ந்தவற்றைத் தம் சொல்லாலேயே கூறுவர். அவர் அச்சொற்களைப் பெரும்பாலும் மாற்றாமல் குறித்துக்கொள்வார். கருவிகள் இல்லாத அக்காலத்தில் நோயாளியின் சொல்லே வைத்தியருக்குக் கண்ணாக இருந்தது.

ஆயின் கேட்ட சொல்லை அவர் பொருள்கொண்ட விதம் பழைய கொள்கையைச் சார்ந்தது. ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 20 ஆண்டு கற்பித்த ஸ்டால் என்பவருடைய கோட்பாட்டைப் பின்பற்றியவர் ஸ்டோர்க். மிகுந்த குருதியை வெளியேற்ற இயற்கை தானே முயல்கின்றது. வைத்தியர் அம்முயற்சிக்குத் துணைசெய்தல் வேண்டும் என்பது அக்கோட்பாடு. ஆகவே ஒரு பெண்ணுக்கு மூக்கில் குருதி வடிந்தால், கீழ்நோக்கி வரவேண்டிய குருதி வழிதவறி மேலே வெளிப்பட்டது என்று கொண்டனர். அதனைக் கீழே திருப்ப வெந்நீரில் கால் வைக்கச் செய்தனர். காலில் நரம்பைக் கீறிக் குருதி எடுத்தனர். பேதி மருந்தும் மூலிகைக் கஷாயமும் கொடுத்தனர். அக்கால ஐரோப்பிய மருந்துக்கடைகளில் இதற்கென விற்ற சரக்குகளுள் குங்குமப்பூவும், வெள்ளைப்போளமும், நாம் மூசாம்பரம் என்று வழங்கும் கரியபோளமும் இருந்தன. இவை நம் நாட்டு மருந்துக்கடைக்கும் புதியனவல்ல. ஏற்கெனவே குருதி குன்றி வெளுத்த பெண்ணின் உடலிலிருந்து மேலும் குருதி எடுத்தால் அவள் நிலை என்னாகும் என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம்.

மற்றொரு இடரும் இருந்தது. பூப்பு நின்றுவிட்டது என்று மருந்து கேட்டு வருபவள் உண்மையில் கருவுற்றிருக்கவும் கூடும். வயிற்றில் குழந்தை அசைவதை அப்பெண் உணரும் வரை, கருவுற்றாளா, குருதி தேங்கியதா என்று உறுதியாகக் கூறும் வழி அக்காலத்தில் எவரிடமும் இல்லை. குருதியை வரச்செய்யும் மருந்துகள் பலவும் கருவைச் சிதைக்கவும் வல்லன என்று கருதப்பட்டன. ஆகலின் வைத்தியர் கேட்ட சொல்லை நம்புவதா, ஐயுறுவதா என்று தடுமாறினர். சொல்லை நம்பியே வாழ்ந்த வைத்தியத்தின் எல்லை அதுவே.

எடின்பரோப் பேராசிரியர்

ஸ்காத்லாந்து நாட்டு எடின்பரோ நகரம் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வைத்தியக் கல்விக்குப் பெயர்பெற்றது. அங்கே பேராசிரியராக விளங்கியவர் வில்லியம் கல்லன்; 1710-இல் பிறந்து 1790-இல் மறைந்தவர். தொலைவிலுள்ள நோயாளிகளும் அவர்களுடைய ஊர் வைத்தியர்களும் அவருக்குக் கடிதம் எழுதி யோசனை கேட்பர். அவரும் கடிதத்தாலேயே மறுமொழி அனுப்புவர். தாம் அனுப்பும் மறுமொழிக்குப் படி எடுத்து வைக்கும் வழக்கமும் அவருக்கு உண்டு. முதலில் எழுத்தர் கையால் படி எடுத்தார். 1781 முதல் ஜேம்ஸ் வாட் கண்டுபிடித்த படியெடுக்கும் பொறியைப் பயன்படுத்தினார். ஆயிரக்கணக்கான அக்கடிதங்கள் எடின்பரோ வைத்தியர் கல்லூரியில் இன்றும் காப்பாற்றப்படுகின்றன.

1776 முதல் வெளிவந்த தம் வைத்திய நூலில் கல்லன் பூப்புத் தாமதத்தைப் பற்றித் தெளிவாக எழுதியுள்ளார். பூப்பே தோன்றாமை, தோன்றிப் பின் தடைப்படல் என இரண்டாகப் பிரித்தார். மற்றப் பெண்களுக்கு வரும் வயதில் ஒருத்திக்கு வரவில்லை என்னும் ஒரு காரணத்தாலேயே அதனை நோய் எனல் கூடாது என்றார். தம் நாட்டில் 14 வயதளவில் அது பெரும்பாலும் தோன்றும். பலருக்கு அதற்கு முன்னரே தோன்றும். பலருக்கு 16 வயது வரை தோன்றாது, அதனால் அவர்களுக்குக் கேடொன்றும் நேர்வதுமில்லை என்று எழுதினார். அப்படியானால் எப்பொழுது அது நோயாகும்? உடலின் பிற இடங்களில் கோளாறுகள் தோன்றும்பொழுதே அதனை நோயாகக் கருதுக என்றார். அவர் கூறிய கோளாறுகளாவன: சோர்வு, தளர்ச்சி, செரியாமை, முகம் வெளிறுதல், பாதம் வீங்குதல், விரைந்த மூச்சு, நெஞ்சுப் படபடப்பு, தலைநோவு, இடுப்பு நோவு, இயல்புக்கு மாறான உணவு வேட்கை.

இறுதியிற் கூறிய வேட்கையை நம் தாய்மார் நன்கு அறிவர். சில பெண்குழந்தைகள் அடுப்புச் சாம்பலையும், திருநீற்றையும், மண்ணையும், பச்சரிசியையும் மறைவில் தின்பதைக் கண்டு நாம் கடிந்துகொள்கிறோம். இரும்புச்சத்துக் குறைந்த உடலில் இத்தகைய வேட்கை தோன்றுவதுண்டு என்று இன்றைய வைத்தியர் கூறுகின்றனர். அடிப்பதால் அது தீராது. சோகையைத் தீர்த்தால் பெரும்பாலும் தானே அடங்கும்.

கல்லன் கூறிய மருந்துகளுள் முதன்மையானவை உடற்பயிற்சியும், உடலுக்கு வலிமை தரும் மருந்துகளும். அவ்வலிமை மருந்துகளுள் தலைமையானது இரும்பு. இதில் அவருக்கு முன்னோடி உண்டு. 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் தாமஸ் சிடன்ஹாம் என்பவர் வெளிறிய பெண்களுக்கு இரும்புத்தூளை மதுவில் ஊறவைத்துக் கொடுத்துப் பயன் கண்டார். இரும்பு ஏன் பயன்படுகின்றது என்று அவருக்குத் தெரியாது. 1746-இல் இத்தாலி நாட்டு மெங்கினி என்பவர் குருதியை எரித்த சாம்பலில் காந்தத்தை நீட்டி, அதில் ஒட்டிய துகள்களால் குருதியில் இரும்பு உண்டென்று காட்டினார். மருந்து முன்னே வந்தது. காரணம் பின்னே வந்தது.

எல்லாரும் கல்லனைப்போல் பொறுமை காட்டவில்லை. 1779-இல் ஜான் பர்ச் என்னும் இலண்டன் அறுவை வைத்தியர், தடைப்பட்ட பூப்பை மின்னதிர்ச்சியால் வரச்செய்யலாம் என்று ஒரு நூல் வெளியிட்டார். மின்சாரம் புதுமையாக இருந்த காலத்தில் அதனையும் பெண்ணுடலில் சோதித்துப் பார்க்கத் தயங்கவில்லை.

நம் நாட்டு நிலை

ஐரோப்பாவில் இவை நடந்த காலத்தில் தமிழகத்து வைத்தியம் எங்ஙனம் இருந்தது? ஸ்டால் கற்பித்த அதே ஹாலே நகரிலிருந்துதான் 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தார். அவர்க்குப்பின் 1709-இல் வந்த கிரண்ட்லர் என்னும் பாதிரியார் தமிழ் வைத்திய ஏடுகளின் செய்திகளைத் திரட்டி, மலபார் வைத்தியர் என்னும் பெயரால் ஜெர்மன் மொழியில் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்று அழைத்தனர். ஆகலின் அப்பெயர் வந்தது. ஹாலேயிலிருந்து மருந்துகள் தரங்கம்பாடிக்குக் கப்பலேறி வந்தன. தரங்கம்பாடியிலிருந்து நம் வைத்திய அறிவு ஹாலேக்குக் கப்பலேறிச் சென்றது. 1728-இல் அச்சபையின் பணி சென்னையிலும் தொடங்கப்பட்டது.

நம் சித்த வைத்தியர் நோயைக் கணிப்பதற்கு எட்டுத் தேர்வுகளை வகுத்தனர். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன அவை. நாடி என்றவுடன் நாம் வியக்கிறோம். ஆயின் நோயாளியின் மொழியும் அவ்வெட்டில் ஒன்று என்பதை மறந்துவிடுகிறோம். நிறத்தைக் கொண்டு வெளுப்பை அறிந்து அதனைப் பாண்டு என்றும் சோகை என்றும் பெயரிட்டனர். அதற்கு அயச்செந்தூரம், காந்தச் செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம், மண்டூரம் முதலிய இரும்பு மருந்துகளையும் கரிசலாங்கண்ணியையும் கையாண்டனர். சிடன்ஹாமும் நம் சித்தரும் ஒருவரையொருவர் அறியாமலே வெளுத்த உடலுக்கு இரும்பைத் தேடிச் சென்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. 1813-இல் ஐன்ஸ்லி என்னும் பிரித்தானிய வைத்தியர் சென்னையில் அச்சிட்ட மருந்துச்சரக்கு நூலில் நம் சரக்குகளைத் தமிழ்ப் பெயரோடு தொகுத்தார். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் தன்வந்திரி மகாலில் கையாண்ட வைத்திய முறைகள் தமிழ்ச் செய்யுளாகவும் எழுதப்பட்டன.

இருப்பினும் ஒரு குறை இருந்தது. நாடி பார்ப்பவர் ஆண்; நோயுற்றவள் பெண். அவள் மொழி வைத்தியரை அடையும் முன் மருத்துவச்சி, தாய், தந்தை என்று பலர் வாய் மாறிற்று. ஆங்கிலேயர் 1664-இல் சென்னைக் கோட்டையில் தொடங்கிய மருத்துவமனையோ போர்வீரர்க்கென எழுந்தது. எழும்பூரில் பிரசவ மருத்துவமனை 1844-இல்தான் வந்தது. 1875-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தனர். ஆண் வைத்தியரிடம் செல்லாத குலப்பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் என அவ்வம்மையாரின் முயற்சியால் 1885-இல் சென்னையில் ஒரு மருத்துவமனை எழுந்தது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி பெயரால் விளங்குவது அதுவே. 1912-இல் நம் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் வைத்தியப் பட்டம் பெற்றார். பெண்ணின் சொல்லைப் பெண்ணே கேட்கும் நிலை இவ்வாறு படிப்படியாக வந்தது.

திருமணம் மருந்தாகுமோ?

லாங்கே கூறிய திருமண மருந்து எளிதில் மறையவில்லை. கல்லனும்கூட, தக்க முறையில் நிகழுமாயின் இல்லற வாழ்க்கை பயன்தரலாம் என்று ஒரு வரி எழுதிவைத்தார். ஐரோப்பியர் நம்மைப் பற்றிக் கொண்ட மற்றொரு தவறான கருத்தும் இத்துடன் சேர்ந்தது. வெப்பநாட்டுப் பெண்கள் எட்டு, ஒன்பது, பத்து வயதிலேயே மணத்திற்குரியராகின்றனர் என்று 1748-இல் பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ எழுதினார். வெயில் பெண்களை விரைவில் முதிர்விக்கும் என்று பலரும் நம்பினர். 19-ஆம் நூற்றாண்டில் மான்செஸ்டர் நகரத்து ஜான் ராபர்ட்டன் என்னும் அறுவை வைத்தியர் பல நாட்டுப் பெண்களின் பூப்பு வயதைத் திரட்டி, இந்தியப் பெண்களின் கணக்கையும் வருவித்து ஒப்பிட்டு, வெப்பத்தால் அத்தகைய பெரும் வேறுபாடு உண்டாவதில்லை என்று நிறுவினார். குழந்தை மணத்திற்குக் காரணம் வழக்கமே. வெயில் அன்று என்பதும் அவர் கருத்து.

நம் நாட்டில் இவ்வழக்கத்தை மாற்றச் சட்டங்கள் வந்தன. சாரதா சட்டம் என்று வழங்கிய சட்டம் 1929-இல் இயற்றப்பட்டு 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது பெண்ணின் மணவயதை 14 ஆக்கிற்று. பின் 1949-இல் 15 ஆகவும், 1978-இல் 18 ஆகவும் உயர்ந்தது. 2006-இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டசபையில் மணவயதை உயர்த்த வேண்டுமென வாதாடியதை நம் தலைமுறை மறத்தலாகாது. எனினும், "கலியாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்னும் பேச்சு இன்னும் நம் வீடுகளில் ஒலிக்கின்றது. 1554-இல் எழுதிய ஒரு கடிதத்தின் எதிரொலி அது. மணத்தால் சோகை தீராது. உறுப்பில் உள்ள தடை நீங்காது. சுரப்பியின் குறை நிறையாது. காரணத்தை அறியாமல் மணம் முடித்தால், அப்பெண் புகுந்த வீட்டில் பழிக்கு ஆளாகின்றாள். இரு குடும்பமும் பகைகொள்கின்றன.

பின்னர் அறிந்தவை

18-ஆம் நூற்றாண்டு வைத்தியர் அறியாதிருந்தவை எவை? பெண்ணின் கருமுட்டையை 1827-இல்தான் பேயர் என்னும் அறிஞர் கண்டார். சூலகம் ஒரு நீர்மத்தைச் சுரந்து அதனால் கருப்பையை இயக்குகின்றது என்பது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விலங்குகளில் செய்த சோதனையால் தெளிந்தது; அச்சுரப்பை 1929-இல் தனியே பிரித்தெடுத்தனர். மூளையின் அடியிலுள்ள சிறு சுரப்பி சூலகத்தை ஏவ, சூலகம் கருப்பையை ஏவுகின்றது. இச்சங்கிலியில் எக்கண்ணி தளர்ந்தாலும் பூப்பு தாமதமாகும். ஆகவே குருதி தேங்கியது நோய் என்னும் பழைய முடிபு பெரும்பாலும் பொருந்தாது. பூப்பு வாராமை ஒரு குறி, அதன் காரணம் வேறிடத்தில் உள்ளது.

காரணங்கள் பல. தாய்க்கும் தாமதமாகவே பூப்பு நிகழ்ந்திருந்தால் மகளுக்கும் அங்ஙனம் நிகழ்தல் இயல்பு; இதற்கு மருந்து வேண்டா. போதிய உணவின்மை, மெலிவு, நாட்பட்ட நோய், தைராய்டு சுரப்பியின் குறை முதலியவை பிற காரணங்கள். சிலருக்குத் திங்கள்தோறும் அடிவயிறு நோகும். ஆயின் குருதி வெளிப்படாது. பிறப்பிலேயே வழி மூடியிருத்தலால் குருதி உள்ளேயே தங்குகின்றது. பழையோர் சொன்ன தேக்கம் மெய்யாகவே உள்ள நிலை இஃதொன்றே. சிறு அறுவையால் இது தீரும். மிகச் சிலருக்குப் பிறப்பிலேயே கருப்பை வளராதிருத்தலும் உண்டு. குரோமோசோம் குறைபாட்டால் சூலகம் வளராமையும் உண்டு. இவற்றுள் எதுவும் அப்பெண்ணின் குற்றமன்று, தாயின் பாவமுமன்று, நட்சத்திரத்தின் தோஷமுமன்று.

நாம் செய்யத்தக்கது

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு மருத்துவமனை இன்று எட்டாத் தொலைவில் இல்லை. 15 வயது நிரம்பியும் பூப்பு நிகழாவிடினும், 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்காவிடினும், திங்கள்தோறும் வயிற்றுநோவு மட்டும் வரினும், தாமதியாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். 13, 14 வயதில் வேறு குறையின்றி நன்கு வளர்ந்துவரும் பெண்ணைப் பற்றி வீணே அஞ்சவேண்டா. கடையில் பெயர் தெரியாத சூரணம் வாங்கிக் கொடுத்தல் ஆகாது.

அடுத்தது சோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேருக்கும், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேருக்கும் சோகை உண்டு. பள்ளிகளில் வளரும் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் திட்டம் 2013-இல் நாடெங்கும் தொடங்கப்பட்டது. உடம்புக்குச் சூடு என்று சொல்லி அதனை விழுங்க வேண்டா என மகளைத் தடுக்கும் தாய்மாரும் உளர். சிடன்ஹாம் மதுவில் ஊறவைத்ததும், சித்தர் செந்தூரமாக்கியதும், இன்று மாத்திரையாக வருவதும் இரும்பே. உணவுக்குப் பின் அதனை உட்கொள்க. தேநீருடன் வேண்டா, தேநீர் இரும்பைச் சேரவிடாது. முருங்கைக்கீரையும், கேழ்வரகும், பயறும் சமைத்து, நெல்லிக்காயோ எலுமிச்சையோ உடன் சேர்த்தால் இரும்பு நன்கு உடலில் சேரும். ஆணுக்கு முதலில் பரிமாறி மிஞ்சியதைப் பெண்குழந்தைக்கு வைக்கும் வழக்கம் எவ்வீட்டிலேனும் இருப்பின் அதனை இன்றே விடுதல் வேண்டும்.

இறுதியாக, சொல்லைப் பற்றிய செய்தி. ஸ்டோர்க் நோயின் காரணத்தை அறியாதவர். எனினும் பெண்கள் சொன்னதைக் கேட்டு எழுதி வைத்தார். அதனால்தான் 300 ஆண்டுகட்குப் பின்னும் அவர்களுடைய துன்பத்தை நாம் அறிகின்றோம். இன்றைய வைத்தியரிடம் கருவிகளும் குருதிச் சோதனையும் உண்டு, எனினும் அவரும் முதலில் கேட்பது, "என்ன செய்கிறது?" என்பதையே. அவ்வினாவுக்குத் தாய் மறுமொழி கூறி, தந்தை திருத்தி, மகள் தலைகுனிந்து நிற்கும் காட்சி மாறல் வேண்டும். மயக்கம் வருகிறதா, நோவு எப்பொழுது, எவ்விடத்தில், எத்தனை நாள் என்பவற்றை அறிந்தவள் அவளே. தாய் உடனிருக்கட்டும், மகள் பேசட்டும். சங்கத்து மாதர் கூட்டங்களில் இச்செய்தியைத் தாய்மார் தம்முள் கலந்து பேசுவார்களாயின், எழுதியதன் பயன் கிட்டியதென மகிழ்வேன்.